விளம்பரத்திற்குக் கொடுத்த பணம் வீடு திரும்புமா?

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் மலாய் மக்கள், கட்டம் போட்ட கைலியைக் 'கைன் பெலிகாட்' என்று அழைக்கின்றனர். கைன் என்றால் துணி. பெலிகாட் என்பது நம் திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டின் பெயரேயாகும். டச்சுக்காரர்கள் 1613ஆம் ஆண்டு இவ்வூரில் கெல்டிரியா கோட்டையைக் கட்டித் துணி வாணிபம் நடத்தினர். இங்கிருந்து கப்பலில் சென்ற துணிகளோடு ஊரின் பெயரும் கடல் கடந்தது. அத்துணி இன்று வேறு பல ஊர்களில் நெய்யப்படுகிறது. ஆயினும் பெயர் அழியவில்லை. வாங்கியவர் ஒருவர் மற்றொருவரிடம் சொல்ல, அவர் வேறொருவரிடம் சொல்லப் பரவிய பெயர் அது.

அதே பழவேற்காட்டில் இன்று நம் சமுதாயப் பெண்கள் பனையோலையில் கூடையும் பெட்டியும் முடைகிறார்கள். பொன்னேரியிலும் மீஞ்சூரிலும் வீட்டில் இருந்தபடியே அபாயா தைப்போர், மசாலாப் பொடி அரைப்போர், அத்தர் விற்போர் எனப் பலர் இருக்கின்றனர். கைப்பேசியில் படம் எடுத்து இன்ஸ்டாகிராமிலோ ஃபேஸ்புக்கிலோ இட்டால் உலகமே பார்க்கும் என்ற நம்பிக்கையோடு இவர்கள் தொழிலைத் தொடங்குகின்றனர். படத்தை இட்ட சிறிது நேரத்தில், "இன்னும் பலரிடம் கொண்டு செல்ல வேண்டுமா? இவ்வளவு பணம் செலுத்துங்கள்" என்று ஓர் அழைப்பு வருகிறது. அதனை ஏற்றுப் பணம் கட்டலாமா? கட்டிய பணம் இலாபத்தோடு திரும்புமா? இதுவே இன்று பல இல்லங்களில் எழுந்துள்ள வினா. கைச்சேமிப்பும், சில வேளைகளில் கைவளையலும் இதில் அடங்கியிருப்பதால், நிதானமாக ஆராய்ந்து விடை காண்பது நம் கடமையாகிறது.

சிறு வணிகரின் பணமே பெரு நிறுவனத்தின் வருமானம்

ஃபேஸ்புக் நிறுவனம் 2007ஆம் ஆண்டு தன் விளம்பரத் திட்டத்தைத் தொடங்கிற்று. 2012இல் இன்ஸ்டாகிராமையும் 2014இல் வாட்ஸ்அப்பையும் விலைக்கு வாங்கிற்று. 2021இல் தன் பெயரை மெட்டா என மாற்றிக்கொண்டது. 2024ஆம் ஆண்டில் அதன் மொத்த வருவாய் ஏறத்தாழ 16,450 கோடி டாலர். அதில் 97 சதவிகிதத்திற்கும் மேற்பட்ட தொகை விளம்பரத்தால் வந்தது. நாம் கட்டணமின்றிப் பயன்படுத்துவதாக எண்ணும் இம்மூன்று சேவைகளுக்கும் செலவு எங்கிருந்து கிடைக்கிறது என்பது இதனால் விளங்கும்.

அந்தப் பணத்தைக் கொடுப்போர் யார்? பெரிய பெரிய கம்பெனிகள் மட்டுமே என்று எண்ணிவிட வேண்டாம். 2020ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், வெறுப்புப் பேச்சைத் தடுக்கத் தவறியதாகக் குற்றம் சாட்டி ஆயிரத்திற்கும் மேற்பட்ட நிறுவனங்கள் ஃபேஸ்புக்கில் விளம்பரம் செய்வதை நிறுத்தின. உலகப் புகழ்பெற்ற பல கம்பெனிகள் அவற்றுள் அடங்கும். ஆயினும் அந்த ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான மூன்று மாத வருவாய், முந்தைய ஆண்டின் அதே காலத்தைவிட 22 சதவிகிதம் உயர்ந்தே இருந்தது. ஏனெனில் அப்போது அங்கே விளம்பரம் செய்தோர் தொகை ஒரு கோடிக்கும் மேல். அவர்களுள் மிகப் பலர் நம்மைப் போன்ற சிறு வணிகர்களே. ஆயிரம் பெரிய நிறுவனங்கள் விலகியும் ஆட்டம் காணாத அந்தக் கட்டடத்தின் அடித்தளத்தில் சிறு கடைக்காரர்களின் நூறு ரூபாயும் ஐந்நூறு ரூபாயும் கிடக்கின்றன.

முன்பெல்லாம் பணம் கட்டாமலேயே நம் கடைப் பதிவுகள் பலரைச் சென்றடைந்தன. 2018ஆம் ஆண்டு ஜனவரியில் ஃபேஸ்புக் ஒரு மாற்றத்தை அறிவித்தது. உற்றார், நண்பர்களின் பதிவுகளுக்கு முதலிடம். கடைகள், நிறுவனங்களின் பதிவுகளுக்குப் பின்னிடம் என்பதே அது. அதற்குப்பின் இலவசமாகக் கிடைத்த பார்வை குறைந்தது. கட்டணப் பார்வையை நாடுவோர் பெருகினர்.

இது ஓர் ஏலம்

செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தால் ஓர் அங்குலத்திற்கு இவ்வளவு என்று விலை உண்டு. சமூக ஊடக விளம்பரத்தில் அப்படி நிலையான விலை இல்லை. ஒருவர் தம் கைப்பேசியைத் திறக்கும் நொடியில், அவருக்கு எந்த விளம்பரத்தைக் காட்டுவது என ஓர் ஏலம் நடைபெறுகிறது. கொடுக்கும் பணம் எவ்வளவு, இவ்விளம்பரத்தைக் கண்டு இவர் நாம் விரும்பும் செயலைச் செய்ய வாய்ப்பு எவ்வளவு, விளம்பரத்தின் தரம் எப்படி என்ற மூன்றையும் சேர்த்துக் கணினி முடிவு செய்கிறது. பனையோலைக் கூடை விற்கும் சகோதரியும், கோடிக்கணக்கில் செலவிடும் நகைக்கடையும் அதே ஏலத்தில்தான் நிற்கின்றனர். பண்டிகைக் காலங்களில் பெரிய கடைகள் பணத்தை வாரி இறைப்பதால் ஏலத்தொகை ஏறிவிடுவதுண்டு. நமக்கு வியாபாரம் நடக்க வேண்டிய நாட்களே நமக்கு விளம்பரச் செலவு மிகும் நாட்களாகவும் அமைந்துவிடுகின்றன.

இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். எதைக் கேட்கிறோமோ அதையே கணினி தேடித் தரும். விருப்பக்குறிகள் வேண்டும் என்று கேட்டால், பார்த்ததற்கெல்லாம் விருப்பக்குறி இடும் பழக்கமுடையோரிடம் நம் படத்தைக் கொண்டு சேர்க்கும். அவர்கள் வாங்கும் பழக்கமுடையோர் அல்லர். ஐந்நூறு விருப்பக்குறிகள் குவிந்தும் ஒரு கூடைகூட விற்காமற்போவதன் காரணம் இதுவே. விசாரித்து வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புவோரையோ, பொருள் வாங்குவோரையோ தேடித் தருமாறு கேட்பதற்கும் அங்கே வழியுண்டு. அதற்குச் சற்றுக் கூடுதல் செலவாகலாம். வருவோர் எண்ணிக்கையும் குறையலாம். ஆனால் வருபவர் வாங்க வருபவராக இருப்பார்.

கணக்கு நோட்டைத் திறப்போம்

ஒரு சகோதரி பனையோலைக் கூடை ஒன்றை ரூ. 400க்கு விற்கிறார் என வைத்துக்கொள்வோம். ஓலைக்கும் சாயத்திற்கும் ரூ. 70. அவருடைய உழைப்புக்குக் கூலி ரூ. 130. கட்டி அனுப்பும் அட்டைப்பெட்டிக்கு ரூ. 20. கூரியர் கட்டணம் ரூ. 70. ஆக அடக்கம் ரூ. 290. மீதி நிற்பது ரூ. 110. இங்கே பலரும் தம் உழைப்புக்குக் கூலி போட மறந்துவிடுகிறார்கள். கூலியை விட்டுவிட்டுக் கணக்கிட்டால் நட்டமும் இலாபமாகத் தோன்றும்.

இச்சகோதரி ரூ. 2,000க்கு விளம்பரம் செய்கிறார். அதற்கு 18 சதவிகித ஜி.எஸ்.டி. உண்டு; ஆகவே செலவு ரூ. 2,360. ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற வணிகர் இவ்வரியைக் கழித்துக்கொள்ள வழியுண்டு. பதிவில்லாத வீட்டுத் தொழிலாளருக்கு அதுவும் கைவிட்டுப் போன பணமே. ஒரு கூடைக்கு ரூ. 110 மிஞ்சுகிறதென்றால், போட்ட பணத்தை எடுக்கவே 22 கூடைகள் விற்றாக வேண்டும். பத்துக் கூடைகளே விற்றால் கிடைப்பது ரூ. 1,100. நட்டம் ரூ. 1,260.

அந்தப் பத்தில் இரண்டு, பொருளைப் பெற்றபின் பணம் தரும் முறையில் அனுப்பப்பட்டு, வாங்காமல் திருப்பி அனுப்பப்பட்டால் என்னாகும்? போக ரூ. 70, வர ரூ. 70, பெட்டிக்கு ரூ. 20. ஒரு கூடைக்கு ரூ. 160 வீதம் இரண்டுக்கு ரூ. 320 வீண். எட்டுக் கூடைகளில் கிடைத்த ரூ. 880இல் இதைக் கழித்தால் ரூ. 560தான் மிச்சம். விளம்பரச் செலவில் கால் பங்குகூடத் தேறவில்லை.

ஆனால் இதே கணக்கு வேறு விதமாகவும் முடியலாம். கூடைகள் திரும்பி வரவில்லை. வாங்கிய பத்துப் பேரில் நால்வர் மனநிறைவு கொண்டு, அவ்வாண்டிலேயே ஆளுக்கு மூன்று முறை மீண்டும் வாங்கினார்கள் என்று கொள்வோம். மேலும் 12 கூடைகள்; ரூ. 1,320. முன்னைய ரூ. 1,100உடன் சேர்த்தால் ரூ. 2,420. விளம்பரப் பணம் திரும்பி, மேலே ரூ. 60 நிற்கிறது. இரண்டு கணக்கிலும் விளம்பரம் ஒன்றே, செலவும் ஒன்றே. வாங்கியவர் மறுபடியும் வந்தாரா என்ற ஒன்றுதான் வேறுபாடு. அதை நிர்ணயிப்பது கூடையின் தரமும் பேச்சின் நாணயமுமேயன்றிக் கணினியன்று.

இன்னொரு தடையும் உண்டு. 22 கூடைகளுக்கு ஒரே வாரத்தில் ஆர்டர் வந்துவிட்டால் முடைவதற்குக் கைகள் வேண்டாமா? ஆலைப் பொருளை மறுநாளே கூடுதலாக உற்பத்தி செய்யலாம். கைவினைப் பொருளை அவ்வாறு செய்ய இயலாது. சொன்ன நாளில் அனுப்ப முடியாமற்போனால், பணம் கொடுத்து வரவழைத்த வாடிக்கையாளரே நம்மைப் பற்றிக் குறை எழுதிச் செல்வார்.

பொருளுக்குப் பொருள் மாறும்

ஆகவே விளம்பரம் பலன் தருமா என்ற வினாவுக்கு ஒரே விடை இல்லை. விற்கும் பொருளைப் பொறுத்தே விடை அமையும்.

மசாலாப் பொடியை எடுத்துக்கொள்வோம். ஒரு பொட்டலத்தில் மிஞ்சுவது ரூ. 60 எனவும், ஒரு புதிய வாடிக்கையாளரை அழைத்து வர விளம்பரத்திற்கு ரூ. 150 ஆகிறது எனவும் கொள்வோம். முதல் பொட்டலத்தில் ரூ. 90 நட்டம். மூன்றாவது பொட்டலத்தில் நட்டம் நீங்கி ரூ. 30 இலாபம். மாதந்தோறும் தீர்ந்து மாதந்தோறும் வாங்கப்படும் பொருள் என்பதால், ருசி பிடித்துவிட்டால் விளம்பரச் செலவைத் தாங்கும் வலிமை இத்தொழிலுக்கு உண்டு. உணவுப் பொருள் விற்போர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்வது சட்டப்படி கட்டாயம் என்பதையும் இங்கே நினைவூட்டுகிறோம்.

தையல் தொழில் வேறு வகை. அளவு கொடுக்க நேரில் வர வேண்டும். எனவே தொலைதூரத்தில் உள்ளவருக்கு விளம்பரம் காட்டிப் பயனில்லை. அக்கம்பக்கத்தில் உள்ளோருக்கு மட்டும் காட்டினால், வந்த ஒருவர் தம் தங்கையையும் நாத்தனாரையும் அழைத்து வருவார். சிறு தொகையில் செய்யும் உள்ளூர் விளம்பரம் இத்தகையோருக்குக் கைகொடுக்கக்கூடும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளுக்குக் கையுறையும் சீருடையும் தைத்துக் கொடுப்போர், காக்களூர் சிட்கோ பேட்டைப் பட்டறைகளுக்கு மதிய உணவு அனுப்புவோர் ஆகியோருக்கு இவ்விளம்பரம் ஏறக்குறையத் தேவையற்றது. அவர்களுடைய வாடிக்கையாளர் ஆலையின் கொள்முதல் அலுவலர் ஒருவரே. அவர் ஒருவரை அடையப் பதினாயிரம் பேருக்குப் படம் காட்டுவானேன்? மாதிரிப் பொருளோடு ஆலை வாயிலுக்கு நேரில் செல்வதும், மத்திய அரசின் உத்யம் பதிவைப் பெறுவதும், 2016இல் தொடங்கப்பட்ட 'ஜெம்' என்னும் அரசுக் கொள்முதல் சந்தையில் பெயர் பதிவதும் அவர்களுக்கு ஏற்ற வழிகள்.

தேசப்படத்து வட்டமும் நம் ஊர்ப் பாதையும்

விளம்பரம் செய்யும்போது, "இந்த ஊரைச் சுற்றி இத்தனை கிலோமீட்டருக்குள் உள்ளோருக்கு மட்டும் காட்டுக" என்று தேசப்படத்தில் ஒரு வட்டம் போடலாம். பயனுள்ள வசதிதான். ஆனால் கணினி வட்டம் போடும், ஊரை அறியாது. பழவேற்காட்டை நடுவாக வைத்து வட்டம் போட்டால் அதில் ஒரு பெரும்பகுதி வங்கக் கடலிலும் பழவேற்காடு ஏரியிலும் விழும். வடக்கே சற்று விரித்தால் ஆந்திர மாநிலத்துக்குள் புகுந்துவிடும். தமிழில் எழுதிய விளம்பரம் அங்கே தெலுங்கு மட்டும் படிப்பவர் கண்ணில் படும்.

கும்மிடிப்பூண்டியும் திருவள்ளூரும் ஒரே மாவட்டம்தான். எனினும் சென்னையிலிருந்து செல்லும் மின்சார ரயில் பாதைகள் இரண்டும் பேசின் பிரிட்ஜில் பிரிந்து வெவ்வேறு திசைகளில் போகின்றன. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு ரயிலில் பொருள் கொண்டு சேர்ப்பதென்றால் சென்னை வரை வந்து மாறித்தான் செல்ல வேண்டும். எனவே வட்டம் போடுவதைவிட, நாம் எளிதில் பொருளைக் கொண்டு சேர்க்கக்கூடிய ஊர்களின் பெயர்களைத் தனித்தனியே குறிப்பிடுவது நலம். மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி என்று ஒரே ரயில் தடத்து ஊர்களைத் தேர்ந்தால் கூரியர் செலவும் குறையும். பொருளும் அன்றே போய்ச் சேரும்.

அவர்கள் காட்டும் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

"உங்கள் விளம்பரத்தால் 12 பேர் வாங்கினர்" என்று கணினி காட்டும். அந்தப் பன்னிருவரில் நால்வர் ஏற்கெனவே நம்மை அறிந்தவர்களாக, விளம்பரம் இல்லாமலும் வாங்கியிருப்பவர்களாக இருக்கலாம். அவர்களையும் விளம்பரமே அழைத்து வந்ததாக அக்கணக்கு உரிமை கொண்டாடும்.

இது வெறும் ஐயமன்று. அமெரிக்காவின் ஈபே நிறுவனம் 2012இல் ஒரு சோதனை செய்தது. அது சமூக ஊடக விளம்பரமன்று. இணையத் தேடலில் வரும் விளம்பரம். நாட்டின் சில பகுதிகளில் மட்டும் விளம்பரத்தை நிறுத்தி, நிறுத்தாத பகுதிகளோடு விற்பனையை ஒப்பிட்டனர். விற்பனை பெரிதாகக் குறையவில்லை. அடிக்கடி வாங்குவோர் விளம்பரம் இல்லாவிட்டாலும் வந்து வாங்கினர். புதியவர்களிடமும் எப்போதாவது வாங்குவோரிடமும் மட்டுமே விளம்பரத்தின் விளைவு தென்பட்டது. 2015இல் வெளியான மற்றோர் ஆய்வில், பெரிய நிறுவனங்கள் நடத்திய 25 விளம்பரச் சோதனைகளை ஆராய்ந்த பொருளியல் அறிஞர்கள் இலூயிசும் இராவும், இலட்சக்கணக்கானோரிடம் சோதித்தாலும் விளம்பரத்தின் இலாபத்தைத் துல்லியமாக அளப்பது மிகக் கடினம் என்று கண்டனர். 2019இல், ஃபேஸ்புக்கில் நடந்த 15 சோதனைகளை வைத்து வெளியான ஆய்வு, வழக்கமான கணக்கீட்டு முறைகள் விளம்பரத்தின் பலனைப் பலமுறை மிகைப்படுத்திக் காட்டுகின்றன என்று எடுத்துரைத்தது.

நிறுவனத்தின் அளவுகோலும் பிழைபட்டதுண்டு. மக்கள் ஒரு வீடியோவைச் சராசரியாக எவ்வளவு நேரம் பார்க்கின்றனர் என்ற எண்ணை நீண்ட காலம் மிகையாகக் காட்டிவிட்டதாக 2016இல் ஃபேஸ்புக்கே ஒப்புக்கொண்டது. அது தொடர்பான வழக்கு 2019இல் 4 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது.

இவற்றைக் கொண்டு விளம்பரமே வீண் என்று முடிவு கட்டுவதும் தவறு. ஈபேயை அறியாதவர் அமெரிக்காவில் இலர். ஆகவே அதற்கு விளம்பரத்தால் ஆவது குறைவு. நம் சகோதரியை அறிந்தவர் அவர் தெருவைத் தாண்டி எவருமிலர். அறியாதவருக்கு அறிமுகம் செய்வதில்தான் விளம்பரம் வேலை செய்கிறது என்றால், சிறு தொழிலுக்கு அதன் பயன் பெரிய நிறுவனத்தைவிட மிகுதியாகவும் இருக்கலாம். அந்த அறிமுகத்திற்கு ஆகும் செலவைத் தாங்கும் இலாபம் பொருளில் இருக்கிறதா என்பதே கேள்வி.

அதை அறிய எளிய வழி ஒரு நாற்பது பக்க நோட்டுதான். வாங்கும் ஒவ்வொருவரிடமும், "எங்களைப் பற்றி எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?" என்று கேட்டு எழுதி வைக்க வேண்டும். இரண்டு வாரம் விளம்பரம் செய்து, இரண்டு வாரம் நிறுத்தி, இருமுறையும் வந்த புதியவர்களை எண்ண வேண்டும். பண்டிகை வாரத்தையும் சாதாரண வாரத்தையும் ஒப்பிடக் கூடாது. மூன்று பேர், ஐந்து பேர் என்ற வேறுபாட்டை வைத்து முடிவுக்கு வரவும் கூடாது. அது தற்செயலாகவும் நேரலாம். சில மாதங்கள் தொடர்ந்து பார்த்தால்தான் உண்மை புலப்படும்.

பணம் கட்டுமுன் செய்ய வேண்டியவை

2018ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் பொருட்களின் படமும் விலையும் கொண்ட பட்டியலைக் கட்டணமின்றி வைத்துக்கொள்ளலாம். முன்னர் வாங்கியவர்களுக்கு அவர்கள் இசைவோடு மாதம் ஒருமுறை புதிய பொருட்களின் படத்தை அனுப்பலாம். நம்மிடம் வாங்கியவரைவிடச் சிறந்த விளம்பரதாரர் எவருமிலர். படங்களைப் பகல் வெளிச்சத்தில் எடுப்பதும், கூடையின் நீள அகலத்தைக் குறிப்பிடுவதும், விலையை ஒளிக்காமல் எழுதுவதும் செலவில்லாத காரியங்கள். "விலைக்குத் தனியே செய்தி அனுப்பவும்" என்று எழுதினால் பலர் அங்கேயே திரும்பிவிடுவர்.

மகளிர் சுய உதவிக் குழுக்களின் பொருட்களுக்குத் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 'மதி' என்னும் பெயரில் விற்பனை வசதி செய்து தருகிறது. கைவினைப் பொருட்களுக்குப் பூம்புகார் விற்பனை நிலையங்கள் இருக்கின்றன. 2015இல் தொடங்கப்பட்ட மீஷோ நிறுவனமும், வாட்ஸ்அப் வழியே தமக்குத் தெரிந்தவர்களிடம் பொருள் விற்ற இல்லத்தரசிகளைக் கொண்டே வளர்ந்தது. அவர்கள் முதலீடாகப் போட்டது பழக்கமும் நம்பிக்கையும்.

பின்தொடர்வோர் பலரை உடைய ஒருவரிடம் பணம் கொடுத்துப் பேசச் சொல்வதும் இன்று வழக்கமாகிவிட்டது. பணம் பெற்றுப் பேசுவோர் அது விளம்பரம் என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று இந்திய விளம்பரத் தரக் குழு 2021லேயே விதி வகுத்துள்ளது. மறைத்துப் பேசச் சொல்வது வாங்குபவரை ஏமாற்றுவதாகும்.

கடனும் கண்கட்டு வித்தையும்

"ஒரே மாதத்தில் இலட்சம் சம்பாதிக்கக் கற்றுத் தருகிறோம்" என்று விளம்பரக் கலையைக் கற்பிக்க ஆயிரக்கணக்கில் கட்டணம் பெறுவோர் பெருகிவிட்டனர். "பத்தாயிரம் பேர் உங்களைப் பின்தொடரச் செய்கிறோம்" என்று விலை பேசுவோரும் உளர். அவ்வாறு வருவோரில் பெரும்பாலோர் பொய்க் கணக்குகளே. ஒரு கூடைகூட வாங்கார். "உங்கள் பக்கம் முடக்கப்பட இருக்கிறது, இங்கே அழுத்துங்கள்" என்று வரும் செய்திகளை நம்பி இரகசிய எண்ணைக் கொடுத்தால் கணக்கே பறிபோகும். அவ்வாறு பணம் இழந்தோர் தாமதமின்றி 1930 என்ற எண்ணில் முறையிட வேண்டும். விளம்பரத்திற்கு வங்கி அட்டையை இணைத்து வைப்பதைவிட, வேண்டிய தொகையை மட்டும் யு.பி.ஐ. மூலம் முன்பணமாகச் செலுத்துவது பாதுகாப்பானது. தொகை தீர்ந்ததும் விளம்பரம் நின்றுவிடும்; உறங்கும் நேரத்தில் பணம் கரையாது.

எல்லாவற்றிலும் கொடிது கடன் வாங்கி விளம்பரம் செய்வது. தையல் இயந்திரம் வாங்கக் கடன்பட்டால், தொழில் நடக்காவிட்டாலும் இயந்திரம் வீட்டில் இருக்கும். விற்றாவது கடனில் ஒரு பகுதியை அடைக்கலாம். விளம்பரத்திற்குக் கட்டிய பணத்திற்கு ஈடாக வீட்டில் எதுவும் மிஞ்சாது. நகையை அடகு வைத்துக் கட்டிய பணம் ஒரு வாரத்தில் கரைந்துவிடும். வட்டி மட்டும் ஆண்டு முழுதும் வளரும். வட்டியின் கேட்டை நம் வாசகர்களுக்கு விரித்துரைக்கத் தேவையில்லை.

ஆகவே தொழில் செய்யும் சகோதரிகளுக்கும், அவர்களுக்குத் துணை நிற்கும் குடும்பத்தாருக்கும் நாம் சொல்ல விழைவது இதுதான். முதல் ஐம்பது பொருட்களை விளம்பரமின்றி விற்றுப் பாருங்கள். வாங்கியவர்களுள் எத்தனை பேர் மீண்டும் வருகின்றனர் என்று எண்ணுங்கள். மீண்டும் வருவோர் இல்லையென்றால் குறை பொருளில் இருக்கிறது. அதனை விளம்பரம் தீர்க்காது. மீண்டும் வருவோர் இருந்தால், ஒரு பொருளில் உங்கள் கூலி போக மிஞ்சுவது எவ்வளவு என்று எழுதுங்கள். கடந்த மாத இலாபத்தில் பத்தில் ஒரு பங்கை மட்டும் விளம்பரத்திற்கு ஒதுக்குங்கள். அது முழுவதும் போனாலும் அடுப்பு எரிவது நிற்காது. புதியவர் ஒருவரை அழைத்து வர ஆகும் செலவு, அவர் ஓராண்டில் தரும் இலாபத்தைவிடக் குறைவாக இருக்கும்வரை தொடருங்கள். கூடினால் அன்றே நிறுத்துங்கள். இந்தக் கணக்கைப் போடப் பட்டப்படிப்பு வேண்டியதில்லை. ஒவ்வொரு இரவும் நோட்டில் வரவையும் செலவையும் எழுதும் பழக்கம் இருந்தால் போதும்.